வெடிச் சத்தம் கேட்டால்

ஜனவரி 6, செவ்வாய்

பள்ளிக்கூடம் தொடங்க முன் தைத்துக் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டைகள் மெசினுக்குப் பக்கத்தில் மலை போலக் கிடக்கின்றன. கொலர் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல் ஜவாஹிர் நானாவின் மகன் பவ்ஸான் மோட்டசைக்கிளை வாசலில் விட்டுவிட்டுப் போனும் கையுமாக வந்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"அக்கா, ராசாண்ணன்ட வீடியோ பாத்தீங்களா? குறூப்புல ஓடுது."

பார்த்தேன். எங்கள் வயல்தான். பொழுதுபடுகிற நேரம். யாரோ யானையை விரட்டுகிற யானை வெடியைக் கொளுத்தி எறிகிறார்கள். வெடிக்கிறது. ஆட்கள் கூக்குரல் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கமாக ஓடுகிறார்கள். நடுவில் ஒருவர் மட்டும் குப்புறக் கிடக்கிறார். இவர். என் மனிசன் சிவராசா. முழங்கை இரண்டையும் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதுக்குள் விரல், வாய் ஆவென்று திறந்தபடி.

பவ்ஸானுக்கு அது பகிடி. அவன்மேல் பிழை சொல்ல முடியாது, அவன் சண்டைக் காலத்து ஷெல்லையே கண்டதில்லை. எனக்குத் தெரியும் அந்தக் கிடை. வாயைத் திறந்து வைத்தால் காதுச் சவ்வு கிழியாது, நெஞ்சைத் தூக்கி வைத்தால் நில அதிர்வு உள்ளே போகாது. நானும் அப்படிக் கிடந்தவள்தான். அப்படிக் கிடந்ததால்தான் இன்றைக்குக் கொலர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஷெல் ஆளைப் பார்த்து வருவதில்லை. யானை பார்த்து வரும்.

ஜனவரி 7, புதன்

வயலில் ஏன் விழுந்தீர்கள் என்று இவரைக் கேட்டேன். "கால் வழுக்கினது" என்றார். வீடியோ பார்த்தேன் என்று சொல்லவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வயல்காரரின் கூட்டம் இன்று. நானும் போனேன். பெண்கள் பின்னால் நின்றோம்.

நவம்பர் வெள்ளத்தில் எங்களுக்குப் பாதி வயல் மண் மூடிப் போனது. மிச்சப் பாதி மறிச்சுக்கட்டிப் பக்கத்துக் காட்டோரம். அதுதான் இனி எங்களுக்குச் சோறு, மகள் ஹம்சியின் பள்ளிக்கூடம், மெசினுக்கு வாங்கின கடன் எல்லாம். அதற்குத்தான் இப்போது கதிர் வரத் தொடங்கியிருக்கிறது. கதிர் மணத்தால் யானையும் வரத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வீடாக முறை வைத்துக் காவல். வனவிலங்குக் கந்தோரில் கொடுக்கிற யானை வெடி காவலுக்கு நிற்பவர் கையில் இருக்கும்.

தலைவர் நேரே சொல்லவில்லை. தொண்டையைச் செருமினார், குளத்தைப் பற்றிக் கதைத்தார், உரத்தைப் பற்றிக் கதைத்தார், பிறகு, "ராசா காவலுக்கு வராட்டியும் பரவாயில்ல. விழுந்தா மற்றாக்கள் போய்த் தூக்கவேண்டி வரும்" என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள்.

ஜவாஹிர் நானா எழும்பி, "சிரிக்காதீங்க. ராசாட முறைய நானும் மகனும் பாத்துக்குறம்" என்றார். எங்கள் வயலும் அவர் வயலும் ஒரே வரம்புக்கு இரண்டு பக்கம். நல்ல மனிசன்.

இவர் எழும்பினார். "என்ர வயலை நான் காப்பன்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் பின்னால் நடந்து வந்தேன், வாயில் வந்ததெல்லாம் திட்டிக்கொண்டு. யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

நடக்கும்போது யோசித்தேன். ஜவாஹிர் நானாவின் ஆட்களை, வடக்கு முஸ்லிம்களை, தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் வெளியே போகச் சொன்னது. கட்டின துணியோடு புத்தளம் போனார்கள். அவர்களுக்கு ஆபத்து என்றால் ஓட வேண்டும். எங்களுக்கு ஆபத்து என்றால் படுக்க வேண்டும். ஒரே வரம்பில் நிற்கிறோம், ஆனால் உடம்புக்குப் பழக்கம் வேறு.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி கொளுத்துவார்கள் என்று தெரிந்து, இவர் விடியவே வாளியையும் துவாயையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். பால் பொங்கின பிறகுதான் வந்தார். தலை காய்ந்திருந்தது. குளிக்கவே இல்லை.

நான் விழுவதில்லை. எனக்கு வேறு பழக்கம். சத்தம் கேட்டால் தலைகளைப் பார்ப்பேன். இவர் எங்கே, ஹம்சி எங்கே. இரண்டு தலையும் கண்ணில் பட்டால்தான் மூச்சு வரும். அப்படியே நிற்பேன், ஒன்றும் செய்ய மாட்டேன். அதுவும் ஒரு நோய்தானே?

பின்னேரம் பருந்தொன்று முற்றத்துக்கு மேலே வந்தது. எங்கள் சிவப்புக் கோழி ஒரு மாதிரிக் கத்தினது. குஞ்செல்லாம் ஓடிச் செட்டைக்குள் போயின. ஒன்று மட்டும் தூரத்தில் நின்றது. அது ஓடவில்லை, மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டது. ஹம்சி கைகொட்டிச் சிரித்தாள்.

"அம்மா, அந்தக் குஞ்சும் அப்பா மாதிரி!"

அவளுக்குப் பத்து வயது. அவளும் வீடியோ பார்த்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. இவர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. பருந்து போய்விட்டது, குஞ்சு எழும்பி ஓடிப் போய்த் தாயிடம் சேர்ந்தது. பருந்துக்குப் படுத்தால் சரி. சில ஆபத்துக்குப் படுத்தால் சரிதான்.

ஜனவரி 19, திங்கள்

சண்டை. பெரிய சண்டை.

சாக்குக்குள் சுற்றி ஏதோ கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தேன். கம்பி. முள் இல்லாத வெறும் கம்பி, சுருளாக.

"இது என்னத்துக்கு?"

"வயலைச் சுத்திக் கட்டத்தான். றோட்டு லைனில இருந்து கரண்ட் எடுக்கலாம். எத்தினை பேர் செய்யினம். அப்ப வெடி தேவையில்ல. நான் விழவும் தேவையில்ல."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறினது. சட்டத்துக்குப் பயந்து இல்லை. அந்த வரம்பால் ஆர் போறது? ஜவாஹிர் நானாவின்ட மாடு போகுது. காலமை பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையள் போகுதுகள். நான் தேத்தண்ணி கொண்டு போறன்.

சொல்லிவிட்டேன். "நிலத்துக்குள்ள சாவை வச்சிட்டுப் போனவங்களை நாங்கள் எவ்வளவு திட்டினம்? சிவப்புப் பலகையைக் கண்டா இண்டைக்கும் காலைப் பின்னுக்கு எடுக்கிறனீங்கள்தானே? இப்ப நீங்களே வைக்கப் போறீங்களோ?"

அவர் தங்கச்சியின் கால் மிதிவெடியில்தான் போனது. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லவில்லை, ஆனால் சொன்னது மாதிரித்தான். அவர் முகம் செத்துப் போனது. சாப்பிடாமல் படுத்தார்.

ஜனவரி 21, புதன்

கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னேரம் காவலுக்கு வெளிக்கிடும்போது வாசல் படலையில் நின்று கேட்டார்: "அப்ப நீ சொல்லு, சுபா. நான் என்ன செய்யிறது?"

அவர் போன பிறகு தையலில் ஊசி முறித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டது சரிதானே? கம்பி வேண்டாம் என்றது நான். வயல் வேண்டும் என்பதும் நான். அப்போது நடுவில் என்ன இருக்கிறது, அவருடைய உடம்பைத் தவிர?

ஜனவரி 24, சனி

கடதாசிப் பை!

சீனி கட்டி வந்த கடதாசிப் பையை ஹம்சி ஊதி, எனக்குப் பின்னால் வந்து டப்பென்று அடித்தாள். என் உயிர் போய் வந்தது. அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கின கை அப்படியே நின்றது.

இவர் உட்கார்ந்திருந்த கதிரையில் இருந்து சரிந்து பாதி நிலத்தில் கிடந்தார். பிறகு தானே எழும்பி, சாரத்தைத் தட்டினார். மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

யோசனை இதுதான்: வீட்டுக்குள்ளேயே பழகுவது. நான் பை அடிக்கிறது. அவர் விழுவார், விழட்டும். உடனே நான் தட்டில் கரண்டியால் தட்டி "எழும்பு" என்று சொல்வது. எழும்பி வாசல்வரைக்கும் ஓடுவது. விழுகிறதை நிறுத்த முடியாது, அது என்னுடைய கையிலும் இல்லை அவருடைய கையிலும் இல்லை. விழுந்த பிறகு எழும்புவதைப் பழக்கலாம்.

"மாட்டைப் பழக்கிற மாதிரியோ?" என்றார்.

"மாடு சொன்னாக் கேக்கும்" என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

கடையில் வெறும் பை கேட்டால் பைத்தியக்காரி என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

முன்னேற்றம் இருக்கிறது. முந்தி விழுந்தால் சத்தம் அடங்கும்வரை கிடப்பார். இப்போது கரண்டிச் சத்தத்துக்குக் கண் திறக்கிறது. நேற்றுத் தட்ட முதலே எழும்பினார். வாசலில் போய் நின்று திரும்பிப் பார்த்தார், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. எனக்கு அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

காலையில் குளத்துக்கு அங்கால் யானைக் கூட்டம் நின்றதாம். வெள்ளாப்பில் ஜவாஹிர் நானா வெடி போட்டதை இவர் சொன்னார். பெரிய பெட்டை யானைகள் ஒன்றும் ஓடவில்லையாம். குட்டியை நடுவில் விட்டுச் சுற்றி நின்றனவாம், தலை வெளிப்பக்கம். கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்ல நடந்து போயின.

"அதுகள் விழேல்ல" என்றார்.

கூட்டத்தை நினைத்து எங்களுக்குப் பயமில்லை. பயம் தனியாகத் திரிகிற தனியன் ஒன்றுக்குத்தான். வால் அறுந்தது. மொட்டைவாலன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பின்னங்காலைச் சற்று இழுத்து நடக்குமாம், உடம்பு முழுக்கத் துவக்கால் சுட்ட சன்னம் பட்ட தழும்பாம். அதற்கு வெடி ஒரு பொருட்டே இல்லை. வெடித்தால் புகை வந்த பக்கத்தைப் பார்க்குமாம், ஆர் எறிந்தது என்று.

"அது பழகிட்டுது. மனுசன்தான் இன்னும் பழகல்ல" என்று ஜவாஹிர் நானா சொன்னாராம். எத்தனை வயதிருக்கும் அதற்கு? சண்டைக் காலத்தில் அதுவும் இந்தக் காட்டுக்குள்தானே நின்றிருக்கும். அது எங்கே படுத்தது?

பெப்ரவரி 3, செவ்வாய்

ஹம்சிக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. அப்பா விழ அவளும் விழுகிறாள். இன்று சமைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறார்கள். இவர் கையை நீட்டி அவளுடைய முழங்கையைச் சரி செய்கிறார்.

"நெஞ்சு முட்டக்கூடாது பிள்ளை. தூக்கி வை. ஆ, அப்பிடித்தான். வாயைத் திற."

கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டு வந்தேன். "என்ன பழக்குறீங்கள் பிள்ளைக்கு?"

"தெரிஞ்சிருந்தா நல்லதுதானே."

"என்னத்துக்கு நல்லது? ஆர் இவளுக்கு ஷெல் அடிக்கப் போறாங்கள்?"

அவர் எழும்பி இருந்தார். கோபப்படவில்லை. "எங்களுக்கும் ஆரும் அடிக்கப் போறதில்ல எண்டுதான் எங்கட அப்பாவும் நினைச்சவர்" என்றார்.

நீந்தப் பழக்குகிறோம், பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று பழக்குகிறோம். இதைப் பழக்கினால் மட்டும் ஏன் நான் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறேன்? பயத்தைக் கொடுக்காமல் பாதுகாப்பை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதா?

ஹம்சி கிடந்தபடியே கேட்டாள்: "எழும்பட்டோ? கரண்டி தட்டேல்லையே."

பெப்ரவரி 12, வியாழன்

கதிர் முற்றிவிட்டது. அடுத்த திங்கள் அல்ல, அதற்கடுத்த திங்கள் வெட்டு மெசின் வரும். அதுவரை தாக்குப் பிடித்தால் போதும். பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன். யானையிடமிருந்து காப்பாற்ற யானை முகத்திடமே கேட்கிறேன், என்ன செய்வது.

பெப்ரவரி 21, சனி

நேற்று எழுத முடியவில்லை. எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓடும்.

நேற்றுப் பின்னேரம். வெயில் இறங்கினாலும் நல்ல வெளிச்சம். ஹம்சி தேத்தண்ணிப் போத்தலோடு முன்னால் போனாள், நான் இடியப்பத்தோடு பின்னால். வரம்பு ஒடுக்கம், ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போகலாம். அவள் துள்ளிக்கொண்டு கனதூரம் போய்விட்டாள். அங்கால் காவல் கொட்டிலுக்குக் கீழே இவர் நின்று கை காட்டினார்.

எல்லோரும் காட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொட்டைவாலன் காட்டுப் பக்கத்தால் வரவில்லை. றோட்டோரப் பற்றைக்குள் பகல் முழுக்க நின்றிருக்க வேண்டும். பற்றை அசைந்தது. ஏதோ மாடு என்று நினைத்தேன். மாடு இல்லை. எனக்கும் ஹம்சிக்கும் நடுவில் இல்லை, அவளுக்குப் பக்கவாட்டில், நெல்லுக்குள். அவ்வளவு கிட்ட.

பவ்ஸான் அவர்களுடைய வயலில் இருந்து கண்டுவிட்டான். அவன் நல்லதுக்குத்தான் செய்தான். வெடியைக் கொளுத்தி எறிந்தான்.

வெடித்தது.

தேத்தண்ணிப் போத்தல் வாய்க்காலுக்குள் உருண்டது. ஹம்சி விழுந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை, வரம்பிலேயே விழுந்தாள். முழங்கை ஊன்றி, காதுக்குள் விரல், வாய் திறந்து. நெஞ்சு நிலத்தில் முட்டவில்லை. அப்பா பழக்கினபடி, அச்சொட்டாக.

நான் நின்றேன். தலைகளைப் பார்த்தேன். அந்தா அவள். அவர் எங்கே? அவரைக் காணவில்லை. அவரும் விழுந்துவிட்டார். கதிருக்குள் மூடிவிட்டது. போச்சு, என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

கதிருக்குள் இருந்து தலை எழும்பினது. யாரும் கரண்டி தட்டவில்லை. நிலத்தோடு கிடந்தபடியே அவளுடைய நீலச் சட்டையைக் கண்டிருக்கிறார். எழும்பினார். வரம்பால் வரவில்லை, நெல்லுக்கு நடுவால் ஓடி வந்தார், இவ்வளவு நாள் காத்த கதிரை எல்லாம் மிதித்துக்கொண்டு. "எழும்பு! ஹம்சி, எழும்பு! ஓடு!" என்று கத்தினார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

அவளுக்குக் கேட்கவில்லை. காதுக்குள் விரல்.

பவ்ஸான் அடுத்த வெடியைக் கொளுத்தப் போனான். ஜவாஹிர் நானா பாய்ந்து மகனுடைய கையைப் பிடித்தார். "போடாதடா! வெடிச்சா புள்ள எழும்பாது!"

ஒருவரும் ஒன்றும் போடவில்லை. ஒருவரும் கத்தவில்லை. அந்த வயல் முழுக்கச் சத்தமில்லாமல் போனது. மொட்டைவாலன் காதை விரித்துக்கொண்டு நின்றது. முன்னங்காலால் மண்ணைக் கிளறினது. இவர் அவளைச் சட்டையில் பிடித்துத் தூக்கி, தோளில் போட்டு, யானைக்கு முதுகைக் காட்டி ஓடி வந்தார். என்னைத் தாண்டும்போது தோளால் இடித்தார். அப்போதுதான் என் காலும் ஓடத் தொடங்கினது.

றோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். யானை எங்களைத் துரத்தவில்லை. போய்க் கொட்டிலின் காலைப் பிடுங்கி விழுத்திவிட்டு, ஆறுதலாக நின்று நெல்லைத் தின்றது.

ஆர் பழக்கினது? அவர் பழக்கினார் என்று சொல்லலாம். பையை ஊதிக் குடுத்தது ஆர்? கம்பி வேண்டாம் எண்டது ஆர்? கம்பி இருந்திருந்தா... இல்லை. கம்பி இருந்திருந்தா ஹம்சி அதிலதான் விழுந்திருப்பாள். எந்தப் பக்கம் போனாலும் என் பிள்ளை விழுகிறாள். எனக்கு ஒண்டும் விளங்குதில்லை.

பெப்ரவரி 22, ஞாயிறு

ஹம்சி நேற்று முழுக்கக் கதைக்கவில்லை. இன்று காலையில் இவர் காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார், ஓடினதில் அரிவாள் மாதிரிப் புல் கிழித்த காயம். அவள் பக்கத்தில் போய் இருந்தாள்.

"அப்பா, சத்தம் முழுக்க முடிஞ்சாத்தானே எழும்பலாம் எண்டு சொன்னீங்கள்?"

"ஓம்."

"அப்ப நீங்கள் ஏன் எழும்பினீங்கள்?"

அவர் எண்ணெய்ப் போத்தலை மூடினார். திறந்தார். திரும்ப மூடினார்.

"நீ விழுந்து கிடந்தாய். ரெண்டு பேரும் விழுந்தா ஆர் தூக்குறது?"

நான் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெப்ரவரி 24, செவ்வாய்

நேற்று மெசின் வந்து வெட்டிப்போட்டுப் போனது. யானை தின்றதும் இவர் மிதித்ததும் போக, வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு இருக்கிறது. விற்க அவ்வளவில்லை. தையல் மெசின் கடனுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நானே போய்ச் சொன்னேன்.

பவ்ஸான் ஒரு சாக்கு நெல் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "வாப்பா தந்து விட்டாங்க" என்றான். வீடியோவைக் குறூப்பில் இருந்து அழித்துவிட்டதாகவும் சொன்னான். சிரிக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தான்.

வயல் வெறுமையாகிவிட்டது. மொட்டைவாலனும் காட்டுக்குள் இறங்கிவிட்டதாம். அதற்கென்ன, சாப்பாடு முடிந்தால் போகிறது. எங்கள் வீட்டுக்குள் வந்தது போகவில்லை.

பெப்ரவரி 27, வெள்ளி

லொறி ஒன்று றோட்டில் டயர் வெடித்தது. ஹம்சி மேசைக்குக் கீழே. இவர் கதிரையை விட்டு அசையவில்லை. வெளிறிப்போனார், ஆனால் அசையவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவரிடமிருந்தது அவளிடம் போய்விட்டதா?

மார்ச் 2, திங்கள்

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வெள்ளிக்கிழமை. ஹம்சி நூறு மீற்றர் ஓட்டத்தில் நிற்கிறாள். அவளுடைய நீல இல்லத்து அணிக்கு உடுப்பு முழுக்க நான்தான் தைக்கிறேன், இருந்தும் இன்றுதான் ஞாபகம் வந்தது. ஓட்டம் தொடங்குவது எதனால்? துவக்கு வெடியால்.

வகுப்பு ரீச்சரிடம் ஓடினேன். "இந்த முறை விசில் ஊதி விடேலாதோ, ரீச்சர்?" ரீச்சர் நல்ல பிள்ளை, சின்னப் பெட்டை. காரணம் கேட்டாள், சொன்னேன். கண் கலங்கினாள். சரி, பள்ளிக்கூட அதிபரோடு கதைக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஹம்சி கோபத்தில் துள்ளினாள்.

"விசில் எண்டா எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பினம்! அப்பாட வீடியோவுக்குச் சிரிச்ச மாதிரி! எனக்கு விசில் வேண்டாம்!"

"விழுந்தியெண்டா அதைவிடச் சிரிப்பினமே பிள்ளை."

"நீங்கள் கதைக்காதேங்கோ!"

என்னைத்தான் சொன்னாள். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 4, புதன்

தகப்பனும் மகளும் பின்னேரங்களில் கிணற்றடிக்குப் பின்னால் ஏதோ பழகுகிறார்கள். பை வெடிக்கிற சத்தம் கேட்கிறது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். "அம்மா வரவேண்டாம்" என்றாள். "உதுவும் வேண்டாம்" என்று இவர் கரண்டியைக் காட்டினார்.

திரும்பி வந்து தைத்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊசி நின்றது.

மார்ச் 6, வெள்ளி

வெயில் கொளுத்தினது. எங்களுக்குக் கொட்டகைக்குள் கதிரை போட்டிருந்தார்கள். ஜவாஹிர் நானாவும் வந்திருந்தார், அவருடைய பேத்தி பச்சை இல்லம். இவர் இருக்கவில்லை. ஓட்டப் பாதைக் கயிற்றோரமாகப் போய் நின்றார்.

நூறு மீற்றருக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ரீச்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், விசில் இல்லை என்று. ஹம்சியே போய் அதிபரிடம் சொல்லியிருக்கிறாள்.

அதிபர் துவக்கைத் தூக்கினார்.

வெடித்தது. கொட்டகைக்குள் என் வயதுக்காரர் எல்லோருடைய கழுத்தும் ஆமை மாதிரி உள்ளே போனது. ஒருவருடைய குடை விழுந்தது. ஒரு அம்மா பக்கத்தில் இருந்த பிள்ளையின் தலையை இழுத்து மடிக்குள் அமுக்கினாள். பிறகு ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம். ஜவாஹிர் நானா மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

நான் தலைகளைப் பார்த்தேன். இவர் கயிற்றடியில் நின்றார். நின்றுகொண்டுதான் இருந்தார். ஹம்சியை வரிசையில் காணவில்லை. நிலத்தைப் பார்த்தேன். நிலத்திலும் இல்லை.

ஓடிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் பின்னால், இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டு, வாயை ஆவென்று திறந்தபடி.

கயிற்றோரத்தில் நின்ற நீல இல்லத்து ரீச்சர் பொறுக்க முடியாமல் கத்தினாள்: "ஹம்சிகா, கையை எடு! கையை வீசி ஓடு!"

"விடுங்கோ ரீச்சர்" என்றார் இவர். "ஓடுறாள்தானே."